ஜெர்மன் மொழியில் 'பி2' நிலை: பல்கலைக்கழக மாணவர்களும் பெற்றோரும் அறிய வேண்டியவை

மேல்படிப்புக்கு வெளிநாடு செல்வதென்றால் ஒரு காலத்தில் அமெரிக்காவும் இங்கிலாந்தும்தான் நம் நினைவுக்கு வரும். இன்று நம் வீடுகளில் அதிகம் கேட்கும் பெயர் ஜெர்மனி. அங்குள்ள பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது இதற்கு முக்கியக் காரணம். 2023-24 குளிர்காலப் பருவத்தில் 49 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் ஜெர்மனியில் படித்தார்கள். அங்கு படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே முதலிடத்தில் இருக்கிறார்கள்.

பிள்ளையை அனுப்ப முடிவு செய்யும் குடும்பங்கள் பணம், விசா, தங்குமிடம் ஆகிய மூன்றையும் துருவித் துருவி விசாரிக்கின்றன. மொழி என்று வரும்போது மட்டும், "படிப்பு ஆங்கிலத்தில்தானே, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்தப் பதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அங்கே போன பிறகு தெரிந்துகொண்டால், அதற்குப் பணமும் காலமும் விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஜெர்மன் மொழிக் கல்வியில் 'பி2' எனப்படும் மேல்-இடைநிலையே பல்கலைக்கழகக் கல்விக்கும் வேலைக்கும் திருப்புமுனையான கட்டம். அது என்ன, யாருக்குத் தேவை, எவ்வளவு காலம் பிடிக்கும், அங்கே என்ன படிக்க வேண்டும், தேர்வு எப்படி இருக்கும் என்பதை இந்தக் கட்டுரையில் நாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பி2 என்பது என்ன?

ஐரோப்பிய கவுன்சில் 2001ஆம் ஆண்டு ஒரு பொது மொழி அளவுகோலை வெளியிட்டது. அதன்படி மொழித் திறன் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. ஏ நிலைகள் தொடக்கம். பி நிலைகளில் பிறர் துணையின்றித் தானே மொழியைக் கையாளலாம். சி நிலைகள் தேர்ச்சியைக் குறிக்கின்றன.

பி1 முடித்தவர் கடையில் பேசுவார், மருத்துவரிடம் தன் உடல்நிலையைச் சொல்வார், தன் ஊரைப் பற்றி விவரிப்பார். பி2 முடித்தவரிடம் எதிர்பார்க்கப்படுவது வேறு. ஒரு நாளிதழ்க் கட்டுரையைப் படித்து அதன் மையக் கருத்தைப் பிடிக்க வேண்டும். தன் துறை சார்ந்த விவாதத்தைப் பின்தொடர வேண்டும். ஒரு பிரச்சினைக்கு இரண்டு பக்கமும் என்ன சொல்லலாம் என்று எடுத்துரைத்து, தன் நிலைப்பாட்டைக் காரணத்தோடு நிறுவ வேண்டும். ஜெர்மானியரோடு பேசும்போது இரு தரப்பும் திணறாமல் உரையாடல் ஓட வேண்டும்.

பி1 வரை நாம் நம் தேவைகளைச் சொல்லப் பழகுகிறோம். பி2இல் நம் கருத்துகளைச் சொல்லப் பழகுகிறோம். பல்கலைக்கழகத்துக்குத் தேவைப்படுவது இரண்டாவதுதான்.

யாருக்கு எந்த நிலை வேண்டும்?

இதில்தான் குழப்பம் அதிகம். எனவே பிரித்துப் பார்ப்போம்.

ஆங்கிலவழி முதுநிலைப் படிப்பு: பெரும்பாலான படிப்புகளில் சேர்க்கைக்கு ஜெர்மன் கட்டாயமில்லை. ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றிதழ் போதும். சில படிப்புகள் ஏ1 அல்லது ஏ2 கேட்கும்.

ஜெர்மன்வழிப் படிப்பு: இளநிலைப் படிப்புகளில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியிலேயே நடக்கின்றன. இவற்றுக்குப் பொதுவாக டி.எஸ்.ஹெச். தேர்வில் இரண்டாம் நிலை, அல்லது டெஸ்ட்டாஃப் தேர்வின் நான்கு பகுதிகளிலும் 4ஆம் நிலை கேட்கப்படும். இவை பி2இன் மேல்பகுதிக்கும் சி1க்கும் இடைப்பட்ட தரம். அதாவது பி2 சான்றிதழ் மட்டும் இருந்தால் பெரும்பாலான ஜெர்மன்வழிப் படிப்புகளில் நேரடியாகச் சேர முடியாது. ஆனால், பல பல்கலைக்கழகங்கள் நிபந்தனையோடு இடம் தந்து, தங்கள் மொழி மையத்தில் சேர்த்து, மீதமுள்ள தூரத்தை அங்கேயே கடக்க வழி செய்கின்றன. அந்த வழிக்கு பி1 அல்லது பி2 சான்றிதழ் நுழைவுச்சீட்டாக இருக்கிறது.

ஷ்டூடியன்கோலெக்: பள்ளிப் படிப்பு மட்டும் முடித்து, நேரடிச் சேர்க்கைக்குத் தகுதி பெறாதவர்களுக்கான ஆயத்தக் கல்லூரி இது. பொதுவாக இரண்டு பருவங்கள் நடக்கும். இதற்கான நுழைவுத் தேர்வை எழுத பி1 அல்லது பி2 தேவை. வகுப்புகள் ஜெர்மன் மொழியில் நடப்பதால் பி2 இருப்பவர்களே சிரமமின்றித் தாக்குப்பிடிக்கிறார்கள்.

மருத்துவத் துறை: வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் ஜெர்மனியில் பணியாற்றப் பொது மொழியில் பி2 தரமும், அதற்கு மேல் மருத்துவ மொழியில் சி1 தரத்தில் தனித் தேர்வும் வேண்டும். செவிலியர்களுக்குப் பொதுவாக பி2 கேட்கப்படுகிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதிகளில் வேறுபாடு உண்டு.

நாம் சேர விரும்பும் படிப்பின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் மொழித் தகுதி தெளிவாக எழுதப்பட்டிருக்கும். ஏஜெண்ட் சொல்வதையோ தெரிந்தவர் சொல்வதையோ நம்பாமல் அந்தப் பக்கத்தையே படிக்க வேண்டும். ஒரே பாடத்துக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் வெவ்வேறு தகுதி கேட்பது வழக்கமான ஒன்று.

ஆங்கிலவழிப் படிப்புக்குப் போகிறவர் ஏன் பி2 படிக்க வேண்டும்?

வகுப்பறைக்கு வெளியே நாடு ஜெர்மன் மொழியில் இயங்குகிறது. வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம், குடியேற்ற அலுவலகத்தின் அறிவிப்பு எல்லாமே ஜெர்மனில்தான் வரும். கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தானே படித்துப் புரிந்துகொள்ள முடிந்தால், தனியாக இருக்கும் பிள்ளைக்கு அது ஒரு பாதுகாப்பு.

அடுத்தது வேலை. வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்ய 2024 மார்ச் முதல் அனுமதி உண்டு. கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்கு மொழி பெரிதாகத் தேவைப்படாது. ஆனால், தன் துறை சார்ந்த நிறுவனத்தில் மாணவப் பணியாளராகச் சேர, குழுவோடு பேசும் அளவுக்கு ஜெர்மன் கேட்பார்கள். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதங்கள் தங்க அனுமதி தரப்படுகிறது. அந்த 18 மாதங்களில் விளம்பரங்களைப் புரட்டும்போதுதான், ஜெர்மன் தெரிந்தவருக்குத் திறந்திருக்கும் கதவுகள் எத்தனை, தெரியாதவருக்கு எத்தனை என்பது தெரியவரும். அப்போது ஏ1இல் இருந்து தொடங்க நேரம் போதாது.

எவ்வளவு காலம் பிடிக்கும்?

அரிச்சுவடியிலிருந்து தொடங்கி பி2 முடிக்க 45 நிமிடப் பாடவேளைகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்பது கோதே நிறுவனத்தின் கணக்கு. மணிக்கணக்கில் சொன்னால் 450 முதல் 600 மணி நேரம். இது வகுப்பு நேரம் மட்டுமே. வீட்டில் படிப்பது தனி.

"மூன்றே மாதத்தில் பி2" என்ற விளம்பரங்களை நாம் பார்க்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினமும் ஐந்து பாடவேளை, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் வாரத்துக்கு 25 பாடவேளை. மூன்று மாதத்துக்கு 13 வாரம். மொத்தம் 325 பாடவேளை. தேவையானதில் ஏறக்குறைய பாதிதான். இந்த வேகத்தில் சென்றாலும் 24 முதல் 32 வாரங்கள் ஆகும். எனவே, ஆரம்பத்திலிருந்து மூன்று மாதத்தில் பி2 என்று உறுதி கூறுபவரிடம் பணம் கட்டும் முன் இந்தக் கணக்கைக் கேட்பது நல்லது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மூன்று ஆண்டு இளநிலைப் பட்டம் படிக்கும் பிள்ளை, ஆண்டுக்கு 48 வாரம், வாரத்துக்கு ஐந்து பாடவேளை வீதம் படித்தால் மூன்று ஆண்டில் 720 பாடவேளை ஆகிவிடும். வாரத்துக்கு நான்கு மணி நேரம்கூட இல்லை. பட்டச் சான்றிதழ் கைக்கு வரும்போது பி2வும் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கும். அவசரமாக விழுங்குவதைவிட இது செலவு குறைந்த வழி. கற்றதும் நினைவில் நிற்கும்.

பல்கலைக்கழகத்தில் பி2 வகுப்பு எப்படி இருக்கும்?

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் மொழி மையம் என்ற பிரிவு உண்டு. அங்கே பி2 பெரும்பாலும் பி2.1, பி2.2 என இரண்டாகப் பிரித்துக் கற்பிக்கப்படும். குளிர்காலப் பருவம் அக்டோபரிலும் கோடைகாலப் பருவம் ஏப்ரலிலும் தொடங்கும். பருவ காலத்தில் வாரம் சில பாடவேளைகளும், விடுமுறையில் தீவிர வகுப்புகளும் நடக்கும். பதிவு செய்த மாணவர்களுக்கு இந்த வகுப்புகள் பல இடங்களில் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கின்றன. சில படிப்புகளில் இதற்கு மதிப்பலகும் உண்டு. ஜெர்மனியில் ஒரு மதிப்பலகு என்பது சுமார் 30 மணி நேர உழைப்பு.

சேரும் முன் நிலை அறியும் தேர்வு ஒன்று வைப்பார்கள். கையில் பி1 சான்றிதழ் இருந்தாலும், படித்து ஓராண்டு ஆகி மறந்துபோயிருந்தால் இத்தேர்வு காட்டிக்கொடுத்துவிடும். இடங்கள் குறைவு என்பதால் பதிவு தொடங்கும் நாளிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

வகுப்பறையில் ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதிக்கொள்ளும் பழக்கம் இருக்காது. ஒரு கட்டுரையைப் படித்துச் சுருக்குவது, ஒரு வரைபடத்தை விளக்குவது, ஐந்து நிமிடம் நின்று பேசுவது, எதிர்க் கருத்துக்குப் பதில் சொல்வது என மாணவரே செயல்பட வேண்டும். சுற்றுச்சூழல், வேலை உலகம், ஊடகம், கல்வி, உடல்நலம் போன்ற தலைப்புகள் திரும்பத் திரும்ப வரும். நம் பிள்ளைகளில் பலர் வகுப்பில் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். அங்கே பேசாமல் இருப்பது மரியாதையாகக் கருதப்படாது. தயாரிக்காமல் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

மொழி மையங்களில் கிடைக்கும் இன்னொரு நல்ல வாய்ப்பு 'டான்டெம்'. தமிழோ, ஆங்கிலமோ, நமக்குத் தெரிந்த வேறு மொழியோ கற்க விரும்பும் ஒரு ஜெர்மன் மாணவரோடு நம்மை இணைத்துவிடுவார்கள். பாதி நேரம் அவர் மொழி, பாதி நேரம் நம் மொழி. பணம் எதுவும் கைமாறுவதில்லை.

தமிழ் கை கொடுக்கும் இடங்கள்

ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிப்பதால், தமிழ் நமக்கு உதவும் இடங்களை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். பி2 இலக்கணத்தில் ஆங்கிலேயர் திணறும் சில பகுதிகள் தமிழருக்கு எளியவை.

ஒன்று, வினை கடைசியில் வருவது. "ஏனென்றால்" என்ற பொருள் தரும் 'வைல்' என்ற சொல்லில் தொடங்கும் துணை வாக்கியத்தில் வினைச்சொல் இறுதிக்குப் போய்விடும். "வைல் இஹ் க்ராங்க் பின்" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் "ஏனென்றால் நான் நோயாளி இருக்கிறேன்" என்று வரும். ஆங்கிலத்தில் நினைப்பவருக்கு இது தலைகீழ். தமிழில் நினைப்பவருக்கு வினை கடைசியில் வருவதுதான் இயல்பு.

இரண்டு, பெயரெச்சம். பி2இல் மிகக் கடினம் என்று பாடநூல்கள் எச்சரிக்கும் ஒரு அமைப்பு உண்டு. "டெர் ஃபோம் ஷ்டுடென்டன் கெஷ்ரீபனெ டெக்ஸ்ட்" என்பது அதற்கு உதாரணம். ஆங்கிலத்தில் இதை உடைத்துத் திருப்பிப் போட்டால்தான் புரியும். தமிழில் "மாணவர் எழுதிய உரை" என்று அதே வரிசையில் சொல்லிவிடலாம். பெயருக்கு முன்னால் முழுச் செய்தியையும் அடுக்குவது நாம் அன்றாடம் செய்வதுதான். ஜெர்மன் நாளிதழ்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் இந்த அமைப்பு நிறைய வரும்.

மூன்று, கேள்விப்பட்ட செய்தி. "அவர் நோயுற்றிருக்கிறாராம்" என்று சொல்லும்போது, அந்தச் செய்திக்கு நான் பொறுப்பல்ல, கேட்டதைச் சொல்கிறேன் என்பதை 'ஆம்' என்ற ஒரே ஒட்டு காட்டிவிடுகிறது. ஜெர்மன் செய்தியாளர்கள் இதற்கென்றே ஒரு தனி வினை வடிவம் வைத்திருக்கிறார்கள். "எர் இஸ்ட் க்ராங்க்" என்றால் அவர் நோயுற்றிருக்கிறார். "எர் ஸை க்ராங்க்" என்றால் நோயுற்றிருக்கிறாராம். இந்த நுட்பத்தைத் தமிழருக்கு விளக்க ஒரு நிமிடம் போதும்.

நான்கு, 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்கள். "எனக்குப் பிடிக்கிறது" என்று நாம் சொல்வதைப் போலவே "எஸ் கெஃபேல்ட் மிர்" என்று ஜெர்மனில் சொல்கிறார்கள். 'மிர்' என்பது நம் நான்காம் வேற்றுமை போன்றது.

ஐந்து, நீ - நீங்கள் வேறுபாடு. 'டு' என்பது நீ. 'ஸீ' என்பது நீங்கள். மாணவர்கள் தங்களுக்குள் 'டு' என்று பேசுவார்கள். பேராசிரியரிடமும் அலுவலகத்திலும் 'ஸீ'தான். இதில் நமக்குத் தடுமாற்றம் வராது.

ஆறு, உச்சரிப்பு. குர்ஆன் ஓதக் கற்ற பிள்ளைகளுக்கு இங்கே கூடுதல் அனுகூலம் உண்டு. 'ஆஹ்', 'புஹ்' போன்ற சொற்களில் தொண்டையிலிருந்து வரும் ஜெர்மன் ஒலி அரபியின் 'ஃகா' எழுத்தை ஒத்தது. ஜெர்மன் 'ர' பலருடைய பேச்சில் அரபியின் 'ஃகைன்' போலவே தொண்டையில் உருளும். மதரஸாவில் நஹ்வு படித்தவர்களுக்கு, வாக்கியத்தில் சொல்லின் இடம் மாறினால் அதன் ஈறும் மாறும் என்பது புதிதல்ல. ரஃப்உ, நஸ்பு, ஜர்ரு என்று மனத்தில் பதிந்திருக்கும் அந்தச் சட்டகம் ஜெர்மன் வேற்றுமைகளைப் படிக்கும்போது துணைக்கு வரும்.

தமிழ் கை கொடுக்காத இடங்கள்

முதலாவது, பால். தமிழில் பொருளைப் பார்த்துப் பால் சொல்கிறோம். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. மேசை ஆண்பால், கதவு பெண்பால், ஜன்னல் நடுப்பால். சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஹென்' நடுப்பால். இதில் காரணம் தேடிப் பயனில்லை. ஆனால், பி2இல் ஒரு ஆறுதல் உண்டு. இந்நிலையில் வரும் கருத்துச் சொற்களில் ஏராளமானவை 'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்' என்ற ஈறுகளில் முடியும். இந்த ஈறுகளால் உருவான சொற்கள் பெண்பால். 'இஸ்முஸ்' என்று முடிபவை ஆண்பால். 'ஹென்' என்ற சிறுமைப் பொருள் ஈறு வந்தால் நடுப்பால்.

இரண்டாவது, வினையோடு ஒட்டி வரும் முன்னிடைச் சொற்கள். காத்திருப்பதற்கு 'அவுஃப்', நினைப்பதற்கு 'அன்', ஆர்வம் கொள்வதற்கு 'ஃப்யூர்' என்று ஒவ்வொரு வினைக்கும் ஒரு துணை இருக்கும். இவற்றை ஊகிக்க முடியாது. வினையை மட்டும் எழுதி மனப்பாடம் செய்வது வீண். துணையோடும் வேற்றுமையோடும் சேர்த்து ஒரு முழு வாக்கியமாகவே எழுதிப் பழக வேண்டும்.

மூன்றாவது, பெயரும் வினையும் இணைந்த மரபுத் தொடர்கள். நாம் முடிவு 'எடுக்கிறோம்'. ஜெர்மானியர் முடிவைச் 'சந்திக்கிறார்கள்'. 'எண்ட்ஷைடுங்' என்ற சொல்லோடு 'ட்ரெஃபன்' என்ற வினைதான் வரும். நாம் கேள்வி கேட்கிறோம். அவர்கள் கேள்வியை 'நிறுத்தி வைக்கிறார்கள்'. எழுத்துத் தேர்வில் மதிப்பெண்ணை உயர்த்துவதும் குறைப்பதும் பெரும்பாலும் இத்தகைய தொடர்கள்தான்.

நான்காவது, பெயர்மயமான நடை. "காற்று மாசடைவதால்" என்று வினையாகச் சொல்வதை "காற்று மாசின் காரணமாக" என்று பெயராக மாற்றிச் சொல்வது. பல்கலைக்கழகப் பாடநூல்களும் அரசுக் கடிதங்களும் இந்த நடையில்தான் இருக்கும். வினை வாக்கியத்தைப் பெயர்த் தொடராகவும், பெயர்த் தொடரை வினை வாக்கியமாகவும் மாற்றும் பயிற்சியைத் தினமும் இரண்டு வாக்கியமாவது செய்து வந்தால், படிக்கும் வேகம் தானாகக் கூடும்.

தேர்வு எப்படி இருக்கும்?

பி2க்குப் பரவலாக ஏற்கப்படுவது கோதே நிறுவனத்தின் சான்றிதழ். இந்தியாவில் இந்நிறுவனம் மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரால் அறியப்படுகிறது. சென்னையில் நுங்கம்பாக்கத்தில் உள்ளது. கோயம்புத்தூரில் கோதே மையம் உண்டு. இலங்கையில் கொழும்பில் இருக்கிறது.

2019 முதல் பி2 தேர்வு நான்கு தனித்தனிப் பகுதிகளாக நடக்கிறது. வாசித்தல் 65 நிமிடம். கேட்டல் சுமார் 40 நிமிடம். எழுதுதல் 75 நிமிடம். பேசுதல் சுமார் 15 நிமிடம். ஒவ்வொரு பகுதிக்கும் 100 மதிப்பெண், தேற 60 வேண்டும். ஒரு பகுதியில் தவறினால் அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் எழுதலாம். நான்கையும் ஒரே நாளில் எழுதியாக வேண்டும் என்பதும் இல்லை.

எழுதும் பகுதியில் இரண்டு பணிகள். சமூகப் பிரச்சினை ஒன்றைப் பற்றிக் குறைந்தது 150 சொற்களில் கருத்துரை எழுத வேண்டும். வேலை சார்ந்த சூழலில் குறைந்தது 100 சொற்களில் முறையான ஒரு செய்தி எழுத வேண்டும். பேசும் பகுதி பொதுவாக இருவர் இணையாக நடக்கும். முதலில் தரப்பட்ட தலைப்பில் சுமார் நான்கு நிமிடம் உரை. பிறகு இணையோடு ஒரு விவாதம்.

கோதே சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. ஆனால், பெறும் நிறுவனம் இரண்டு ஆண்டுக்குள் எடுத்த சான்றிதழ் கேட்கலாம். எனவே பள்ளியில் படிக்கும்போதே தேர்வெழுதி வைத்துவிட்டு, ஐந்து ஆண்டு கழித்து அதை நம்பி விண்ணப்பிப்பது சரிவராது.

பி1இல் ஏன் பலர் நின்றுவிடுகிறார்கள்?

ஏ1, ஏ2 படிக்கும்போது முன்னேற்றம் வாரந்தோறும் கண்ணுக்குத் தெரியும். பி2இல் அப்படித் தெரியாது. மாதக்கணக்கில் படித்தும் அதே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். கற்கும் சொற்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். ஆனால், செய்திவாசிப்பாளர் பேசுவது இன்னும் பாதிதான் புரியும். இந்தக் கட்டத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை சோம்பேறியாகிவிட்டதாக வீட்டிலும் நினைத்துவிடுகிறோம். இது இந்நிலையின் இயல்பு என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் இருதரப்புக்கும் மன உளைச்சல் குறையும்.

இந்தக் கட்டத்தைத் தாண்ட, பாடநூலுக்கு வெளியே வர வேண்டும். 'டாய்ச்ச வெல்லே' வானொலி மெதுவாக வாசிக்கப்படும் செய்திகளை எழுத்து வடிவத்தோடு இலவசமாக வெளியிடுகிறது. முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்க வேண்டும். பிறகு பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். கடைசியாக நாமே உரக்க வாசிக்க வேண்டும். தினமும் 20 நிமிடம் போதும். அடிப்படையில் ஓட்டை இருப்பவர்கள் அதே நிறுவனத்தின் 'நீகோஸ் வேக்' என்ற இலவசக் காணொளிப் பாடத்தை பி1 வரை திரும்பப் பார்க்கலாம். பி2 பாடநூல்களில் 'அஸ்பெக்டெ நொய்', 'ஸிஹர்' ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன.

வாரத்துக்கு ஒரு கட்டுரையாவது எழுதி ஆசிரியரிடம் திருத்தி வாங்க வேண்டும். எழுதாமல் படித்துக்கொண்டே இருப்பவர்கள் தேர்வில் எழுத்துப் பகுதியிலேயே தவறுகிறார்கள். தன் பாடம் எதுவோ அந்தப் பாடத்திலேயே படிப்பது இன்னும் நல்லது. இயந்திரவியல் மாணவர் இயந்திரம் பற்றியும், உயிரியல் மாணவர் உயிரணு பற்றியும் ஜெர்மனில் படிக்கட்டும். விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் மொழி வேகமாகப் பிடிபடும்.

பெற்றோரின் கவனத்திற்கு

முதலாவது, செலவைச் சரியாகக் கணக்கிடுங்கள். 2024 செப்டம்பர் முதல் மாணவர் விசாவுக்கு முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்ற அளவு நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பிக்கும் நேரத்தில் நடப்பிலுள்ள தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. அங்கே போய் ஓராண்டு மொழி படிக்கலாம் என்று திட்டமிட்டால், அந்த ஓராண்டின் வாழ்க்கைச் செலவும் நம் கணக்கில்தான் சேரும். இங்கேயே பி2 முடித்துவிட்டால் அந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

இரண்டாவது, ஆவணங்கள். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். எனப்படும் கல்வி ஆவணச் சரிபார்ப்புச் சான்றிதழ் கட்டாயம். மொழிச் சான்றிதழைக் குறுக்கு வழியில் பெற்றுத் தருவதாகச் சொல்பவர்களை அண்ட விடாதீர்கள். விசா மறுக்கப்பட்டால் போவது பணம் மட்டுமல்ல, பிள்ளையின் ஆண்டும் நம்பகத்தன்மையும் சேர்ந்தே போகும். ஒருவேளை தப்பித்து அங்கே போய்விட்டாலும், மொழி மையத்தின் முதல் தேர்விலேயே உண்மை தெரிந்துவிடும்.

மூன்றாவது, வகுப்பில் சேர்க்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பி2க்கு மொத்தம் எத்தனை பாடவேளை? ஆசிரியரின் தகுதிச் சான்று என்ன? எழுதுவதையும் பேசுவதையும் வாரந்தோறும் யார் திருத்துவார்கள்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லாத இடத்தில் சேர்க்க வேண்டாம்.

நான்காவது, வீட்டில் பிள்ளைக்கு நேரம் கொடுங்கள். கல்லூரியிலிருந்து வந்ததும் அரை மணி நேரம் அவர்கள் ஜெர்மன் செய்தி கேட்கட்டும். ஆண் பிள்ளைக்கு மட்டுமல்ல, வீட்டு வேலைகளுக்கு இடையே படிக்கும் பெண் பிள்ளைக்கும் அந்த அரை மணி நேரம் உறுதியாகக் கிடைக்க வேண்டும்.

பி2 கடினம்தான். ஆனால், இரண்டு மொழிகளுக்கு நடுவே வளர்ந்து, மூன்றாவதாக அரபி எழுத்துகளையும் கற்ற நம் பிள்ளைகளுக்கு அது எட்டாத உயரம் அல்ல. அதற்குத் தேவைப்படுவது 600 முதல் 800 பாடவேளைகள், நல்ல ஆசிரியர், எழுதித் திருத்தும் பழக்கம், வீட்டாரின் பொறுமை ஆகியவை. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இவற்றுக்கு ஏற்பாடு செய்துவிட்டால், அங்கே போய்ச் சேரும் பிள்ளை முதல் நாளிலிருந்தே பாடத்தில் கவனம் செலுத்தலாம்.